லைவ் எக்ஸெல் போட்டியில இறங்கப் போறீங்களா? பேர் குடுக்குறதுல இருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் முழு வழிகாட்டி

எக்ஸெல்ல போட்டியா, அதையும் ஆளுங்க உக்காந்து பாக்குறாங்களான்னு இன்னும் கேக்குறவங்க இருக்காங்க. பாக்குறாங்க, கமென்ட்ரியோட பாக்குறாங்க. மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் வேர்ல்ட் சாம்பியன்ஷிப் 2021-ல ஆரம்பிச்சது, ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ ங்காய் தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சாரு, 2024-ல மைக்கேல் ஜார்மன் அவரை இறக்கினாரு, 2025-ல அயர்லாந்துக்காரர் டியர்முட் ஏர்லி எடுத்தாரு. ஃபைனல் லாஸ் வேகஸ்ல ஒரு ஈ-ஸ்போர்ட்ஸ் அரீனாவுல நடக்குது, ஜெயிச்சவருக்கு 5,000 டாலரும் மல்யுத்தக்காரங்க கட்டுற மாதிரி ஒரு பெல்ட்டும் குடுக்குறாங்க.

இதைப் பாத்துட்டு "நாமளும் ஆஃபீஸ்ல தினமும் இதைத்தானே பண்றோம்"னு தோணி பேர் குடுக்குறவங்க நிறைய. தப்பே இல்ல, குடுங்க. ஆனா ஆஃபீஸ் எக்ஸெல் வேற, போட்டி எக்ஸெல் வேற. ஆஃபீஸ்ல ஒரே ரிப்போர்ட்டை மாசா மாசம் போடுவோம். இங்க இதுவரைக்கும் பாத்தே இல்லாத ஒரு புதிரை 30 நிமிஷத்துல அவிழ்க்கணும். நிறைய ஃபார்முலா மனப்பாடமா தெரிஞ்சவர்தான் ஜெயிப்பாருன்னு நினைப்பாங்க, எனக்கு அப்படித் தோணல. கேள்வியைச் சரியா படிச்சு, முதல் லெவலுக்குப் போட்ட அமைப்பையே அஞ்சாவது லெவல் வரைக்கும் இழுத்துட்டுப் போறவர்தான் முன்னால நிக்கிறாரு. கீழ சொல்லியிருக்கிறது பூராவும் அதை எப்படிப் பழகுறதுங்கிறதுதான்.

படி 1: எந்தப் போட்டின்னு முடிவு பண்ணுங்க

மேல சொன்ன வேர்ல்ட் சாம்பியன்ஷிப்பை நடத்துறது ஃபைனான்ஷியல் மாடலிங் வேர்ல்ட் கப்னு ஒரு அமைப்பு. பேரைப் பாத்து பயந்துடாதீங்க, எக்ஸெல் சாம்பியன்ஷிப்புக்கு ஃபைனான்ஸ் தெரிய வேண்டியதில்ல. அதே அமைப்பு தனியா ஒரு ஃபைனான்ஷியல் மாடலிங் போட்டியும் நடத்துது, அதுக்குத்தான் கேஷ் ஃப்ளோ, கடன் அட்டவணை, வேல்யூவேஷன் எல்லாம் வேணும். காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் காலேஜியேட் சேலஞ்ச்னு தனியா இருக்கு.

13-ல இருந்து 22 வயசுக்குள்ள இருக்கிற மாணவர்னா மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஸ்பெஷலிஸ்ட் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்பும் இருக்கு, ஆனா அது முழுக்க வேற மாதிரி. அங்க "இந்த டேபிளுக்கு இந்த ஃபார்மேட் போடு, இந்த சார்ட்டுக்கு இந்த டைட்டில் வை"ன்னு சொன்னதைச் சொன்னபடி செய்யணும், மெனுவுல எது எங்க இருக்குன்னு தெரியணும். புதிர் போட்டிக்குத் தயாராகிட்டு அங்க போய் நின்னா முழிப்பீங்க, இங்கயும் அதே கதைதான். அதனால முதல்ல எதுக்குப் போறோம்னு தெளிவாகிக்கங்க. இந்த வழிகாட்டி புதிர் வகைக்கு.

நேரா ஃபைனலுக்குப் போக முடியாது. வருஷம் பூரா ஆன்லைன் ரவுண்டு, அப்புறம் தகுதிச் சுற்று, அதுல மேல வந்தவங்கதான் அரங்கத்துக்கு. புதுசா வர்றவங்களுக்கு ஆன்லைன் ரவுண்டு ரொம்ப நல்லது. தோத்தாலும் கேஸ் ஃபைல், அதாவது புதிர் இருக்கிற எக்ஸெல் ஃபைல், கையில இருக்கும், அதை வச்சே நிறைய கத்துக்கலாம்.

பேர் குடுக்கும்போது ரூல்ஸை முழுசா படிங்க. தப்பு விடைக்கு மார்க் குறைப்பாங்களா, இன்டர்நெட் பாக்கலாமா, ஏஐ உதவி எடுக்கலாமா, நாமளே எழுதி வச்ச ஃபார்முலாக்களைக் கொண்டு வரலாமா, மேக்ரோ ஓட்டலாமா, இதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். அப்புறம் ஆரம்பிக்கிற நேரம் எந்த டைம் ஸோன்ல போட்டிருக்குன்னு பாருங்க. எல்லாம் தயாரா வச்சுட்டு ஒரு மணி நேரம் லேட்டா வந்து நிக்கிறவங்க ஒவ்வொரு ரவுண்டுலயும் உண்டு.

படி 2: கேஸ் எப்படி இருக்கும்னு புரிஞ்சுக்கங்க

ஒரு ஃபைல் குடுப்பாங்க. அதுல ஒரு கதை இருக்கும். சீட்டாட்டம், ரோபோ நகர்றது, லிஃப்ட் ஏறி இறங்குறது, கோட்டை கட்டுறது, ரகசியக் குறியீட்டை உடைக்கிறதுன்னு எது வேணா வரும். 2024 ஃபைனல் கேஸை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமை வச்சுத்தான் பண்ணியிருந்தாங்க. கதைக்குக் கீழ லெவல் லெவலா கேள்விங்க. முதல் லெவல்ல விதி ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவதுல இன்னொண்ணு சேரும், போகப்போக எல்லா விதியும் சேந்து வந்து மேல விழும். மேல போகப்போக மார்க்கும் ஏறும். நடுவுல போனஸ் கேள்விங்களும் இருக்கும்.

ஒவ்வொரு லெவலுக்கும் பெரும்பாலும் ஒரு எடுத்துக்காட்டு குடுத்து அதுக்கு விடையும் போட்டிருப்பாங்க. அந்தக் கேஸ் ஃபைல்லயே விலைமதிப்பான இடம் அதுதான். உங்க ஃபார்முலா அந்த எடுத்துக்காட்டுக்குச் சரியான விடை குடுக்கலைன்னா விதியைத் தப்பா புரிஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம், அதோட மத்த இருபது கேள்விக்கும் இழுத்து விட்டா இருபதும் போச்சு.

லைவ் ரவுண்டுல இன்னொரு விஷயம் இருக்கு. சில போட்டியில சில நிமிஷத்துக்கு ஒருதடவை ஸ்கோர் பாத்து கடைசியில இருக்கிறவரை வெளிய அனுப்பிடுவாங்க. அந்த மாதிரி ரவுண்டுல "முழு மாடலையும் கட்டிட்டு மொத்தமா விடை போடுறேன்"னு உக்காந்தா மாடல் ரெடியாகும்போது நீங்க ஆட்டத்துல இருக்க மாட்டீங்க. ஆன்லைன் தகுதிச் சுற்றுல அந்தப் பயம் இல்ல, கடைசி ஸ்கோர்தான் கணக்கு. ரெண்டுக்கும் ஆடுற விதமே வேற.

படி 3: எதெல்லாம் கை தானா டைப் பண்ணணும்

எக்ஸெல்ல ஐநூறுக்கு மேல ஃபங்ஷன் இருக்கு, போட்டிக்கு வேண்டியது அதுல ரொம்பக் கொஞ்சம். தேடி எடுக்க எக்ஸ்லுக்கப், இன்டெக்ஸ், எக்ஸ்மேட்ச். எழுத்துகளைப் பிரிக்க மிட், லென், சப்ஸ்டிட்யூட், டெக்ஸ்ட்ஸ்பிளிட், டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர். கணக்குக்கு சம்ப்ராடக்ட், மாட் (MOD, வகுத்தா மிஞ்சுறது), இன்ட் (INT, முழு எண் மட்டும்). லிஸ்ட்டை ஆள ஃபில்டர், சார்ட்பை, யுனீக், சீக்வென்ஸ், விஸ்டாக், டேக், டிராப். இவ்வளவு கை தானா டைப் பண்ற அளவுக்கு வந்துட்டாலே பாதிக் கேஸுங்களை முக்கால்வாசி முடிச்சிடலாம்.

இதுல மாட்டை மட்டும் யாரும் மதிக்கிறதே இல்ல. சுத்திச் சுத்தி வர்றது எதுவா இருந்தாலும், கிழமை, வட்ட மேஜையில ஆட்கள், கடிகாரம், எழுத்துகளைத் தள்ளி எழுதுற குறியீடு, எல்லாத்துக்கும் மாட்தான். ஒன்னுல இருந்து ஏழு வரைக்கும் சுத்தணும்னா ஒன்னைக் கழிச்சு, மாட் போட்டு, திரும்ப ஒன்னைக் கூட்டணும். இதை யோசிச்சு எழுதுற நிலைமையில இருக்கக் கூடாது, விரலுக்கே தெரிஞ்சிருக்கணும்.

லாம்டா குடும்பம், அதாவது நாமளே எழுதுற ஒரு கணக்கை லிஸ்ட் பூரா ஓட்டுற ஸ்கேன், ரெட்யூஸ், மேப், பைரோ, இதெல்லாம் தெரிஞ்சிருந்தா நல்லது. ஆனா கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். பதினஞ்சு வரிக்கு ஒரே ஃபார்முலா எழுதுறதைப் பாக்க நல்லாத்தான் இருக்கும், நடுவுல ஒரு அடைப்புக்குறி தப்பானா தேடிக் கண்டுபிடிக்கவே நாலு நிமிஷம் போயிடும். அதையே அஞ்சு ஹெல்பர் காலமா (column, நெடுவரிசை) உடைச்சுப் போட்டா எந்த இடத்துல தப்புன்னு கண்ணுக்கே தெரியும். போட்டியில ஷீட் அழகா இருக்குன்னு யாரும் மார்க் போடுறதில்ல. லாம்டா எடுத்தா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க, மேப்போ பைரோவோ ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே ஒரு மதிப்பைத்தான் திருப்பிக் குடுக்க முடியும், ஒரு லிஸ்ட்டைத் திருப்பச் சொன்னா எரர் வரும். லிஸ்ட் வேணும்னா ரெட்யூஸையும் விஸ்டாக்கையும் சேத்துப் போடணும்.

லெட் மட்டும் கட்டாயம். ஒரே கணக்கை நாலு இடத்துல திரும்ப எழுதாம பேர் வச்சு உபயோகிக்கலாம், எழுதுறதும் குறையும், தப்பும் குறையும்.

பவர் குவெரி, விபிஏ (மேக்ரோ எழுதுற மொழி) எல்லாம் தெரிஞ்சவங்க அதை விட்டுட முடியாம அதுலயே இறங்குவாங்க. குப்பையா வந்த டேட்டாவை ஒழுங்குபடுத்த பவர் குவெரி சில சமயம் கைகொடுக்கும், ஆனா 30 நிமிஷ ரவுண்டுல அது திறந்து ரெஃப்ரெஷ் ஆகுற நேரமே பாரம்தான்.

ஷார்ட்கட்ல பெரிய லிஸ்ட் தேவையில்ல. எஃப்2, எஃப்4, கன்ட்ரோலோட அம்புக்குறி, அதோட ஷிஃப்ட், கன்ட்ரோல் என்டர், கன்ட்ரோல் டி, கன்ட்ரோல் ஆர், மதிப்பை மட்டும் பேஸ்ட் பண்ற கன்ட்ரோல் ஷிஃப்ட் வி. இதோட எஃப்9. ஃபார்முலாவுக்குள்ள ஒரு துண்டை மட்டும் செலக்ட் பண்ணி எஃப்9 அடிச்சா அந்தத் துண்டோட விடை அங்கயே தெரியும், பாத்துட்டு எஸ்கேப் அடிக்கணும். எஸ்கேப்புக்குப் பதிலா என்டர் அடிச்சுட்டா ஃபார்முலா போயி அந்த நம்பரே அங்க உக்காந்துடும், கவனம்.

படி 4: டேட்டா டேபிள், இதை விட்டுடாதீங்க

வாட்-இஃப் அனாலிசிஸ்ங்கிற மெனுவுக்குள்ள ஒளிஞ்சு கிடக்குற பழைய வசதி இது. ஆஃபீஸ்ல பலபேர் தொட்டிருக்கவே மாட்டாங்க. போட்டியில இது பெரிய ஆயுதம்.

ஒரு கேள்விக்கான கணக்கே ஷீட்டோட பாதியை எடுத்துக்குதுன்னு வைங்க. அந்த மாதிரி இருபது கேள்வி. இருபது தடவை காப்பி பண்ண முடியாது. அதனால கேள்வி நம்பர்னு ஒரு செல் வச்சு, அந்த நம்பரை வச்சு இன்டெக்ஸ் மூலமா அந்தக் கேள்வியோட இன்புட்டை இழுத்து, ஒரே ஒரு மாடல் கட்டுங்க. 1 போட்டா முதல் கேள்விக்கு விடை வரணும், 2 போட்டா ரெண்டாவதுக்கு. அது சரியா ஓடுதுன்னா பக்கத்துல 1-ல இருந்து 20 வரைக்கும் கீழ்நோக்கி எழுதி, அடுத்த காலத்தோட தலையில விடை செல்லை லிங்க் பண்ணி, மொத்தத்தையும் செலக்ட் பண்ணி டேட்டா டேபிள் போட்டு, காலம் இன்புட் செல்லா அந்தக் கேள்வி நம்பர் செல்லைக் காட்டுங்க. இருபது விடையும் தானா வந்து நிக்கும்.

இதுல ரெண்டு இடத்துல மாட்டுவாங்க. இன்புட் செல்லும் டேட்டா டேபிளும் ஒரே ஷீட்ல இருக்கணும், வேற ஷீட்ல இருந்தா எக்ஸெல் ஒத்துக்காது. இன்னொண்ணு, கால்குலேஷன் ஆப்ஷன் "டேட்டா டேபிள் தவிர மத்ததெல்லாம் ஆட்டோமேட்டிக்"ன்னு இருந்தா எல்லா வரியிலயும் ஒரே விடை வந்து நிக்கும், நீங்க மாடல்ல தப்புன்னு தேடிட்டு இருப்பீங்க. எஃப்9 அடிங்க, இல்லன்னா ஆப்ஷனை மாத்துங்க.

படி 5: ஒரு கேஸை உள்ள போய் பாப்போம்

சொல்லிட்டே போனா புரியாது, சின்னதா ஒரு கேஸ் எடுத்துக்கலாம். கட்டம் போட்ட வரைபடத்துல ஒரு ரோபோ 5-வது ரோ, 5-வது காலத்துல நிக்குது. அதுக்கு எண்கள்ல கட்டளை குடுக்குறாங்க, 1-னா மேல, 2-னா வலது, 3-னா கீழ, 4-னா இடது. கட்டளை 1121334.

லெவல் 1: கடைசியில எங்க நிக்குது? லெவல் 2: கிளம்பின இடத்தையும் சேத்து எத்தனை வேற வேற கட்டத்துல கால் வச்சுது? லெவல் 3: சில கட்டத்துல சுவர் இருக்கு, சுவர்ல மோதினா நகராது, அப்போ கடைசியில எங்க?

லெவல் 1-ஐப் பாத்ததும் கை துறுதுறுக்கும். எத்தனை 1 இருக்கு, எத்தனை 3 இருக்குன்னு லென்னையும் சப்ஸ்டிட்யூட்டையும் வச்சு எண்ணிக் கழிச்சா முடிஞ்சுது. மூணு தடவை மேல, ரெண்டு தடவை கீழ, அதனால 4-வது ரோ. ஒருதடவை வலது, ஒருதடவை இடது, அதனால அதே 5-வது காலம். ஒரு நிமிஷத்துல விடை. ஆனா லெவல் 2-க்கு வழியில எங்கெங்க போச்சுன்னு வேணும், அதுக்கு இந்த எண்ணிக்கை எதுக்கும் உதவாது, திரும்ப முதல்ல இருந்து கட்டணும். மூணு லெவலையும் முன்னாடியே படிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும். கடைசியில இருக்கிறவர் வெளியேறுற ரவுண்டுன்னா அந்த ஒரு நிமிஷ விடையைப் போட்டு மார்க்கை எடுத்துக்கிட்டு அப்புறம் கட்டுங்க, அதுல தப்பில்ல. மத்த ரவுண்டுல முதல்லயே வழியைக் கட்டிடுங்க.

எப்படிக் கட்டுறது? ரோவையும் காலத்தையும் தனித்தனியா வச்சா ரெண்டு பிளாக் வேணும். அதுக்குப் பதிலா ரெண்டையும் ஒரே எண்ணுல அடைச்சிடுங்க. ரோவை நூறால பெருக்கி காலத்தைக் கூட்டினா 5-வது ரோ, 5-வது காலம் 505 ஆயிடும். மேல போறது -100, வலது +1, கீழ +100, இடது -1. கேள்விங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, மேல தலைப்புல 1, 2, 3-ன்னு ஸ்டெப் நம்பர். ஒவ்வொரு செல்லும் இடது பக்கத்து செல்லோட மதிப்பை எடுத்து, மிட் வச்சு அந்த ஸ்டெப்போட கட்டளையைப் பிரிச்சு, சூஸ்ல (CHOOSE, நம்பருக்கேத்த மதிப்பை எடுக்கிற ஃபங்ஷன்) -100, 1, 100, -1-ன்னு குடுத்து வர்றதைக் கூட்டிக்கும். இழுக்கும்போது முகவரி நகராம பூட்டுற டாலர் குறியைச் சரியா போட்டா ஒரே ஃபார்முலா மொத்தப் பிளாக்குக்கும் போதும்.

நம்ம கட்டளைக்கு 505, 405, 305, 306, 206, 306, 406, 405-ன்னு வரும். கடைசி 405, லெவல் 1 முடிஞ்சுது. ஒவ்வொரு கேள்விக்கும் கட்டளையோட நீளம் மாறும், சின்னக் கட்டளை முடிஞ்சதுக்கப்புறம் மிட் வெறும் டெக்ஸ்ட்டைக் குடுக்கும், சூஸ் எரர் அடிக்கும். சூஸைச் சுத்தி ஒரு இஃப்எரர் போட்டு 0 குடுத்துட்டா ரோபோ நின்ன இடத்துலயே நிக்கும், அப்போ எல்லாக் கேள்விக்கும் விடை கடைசிக் காலத்துலயே இருக்கும், தேடவே வேண்டாம்.

லெவல் 2-க்கு அதே வரிசையில யுனீக் போட்டு எண்ணினா 6. இங்க ஒரு பொறி இருக்கு. வரிசை குறுக்க ஓடுது, யுனீக் சாதாரணமா கீழ்நோக்கித்தான் பாக்கும், அதனால ரெண்டாவது ஆர்க்யுமென்ட்ல ட்ரூ குடுக்கலைன்னா மொத்த வரிசையையும் அப்படியே திருப்பித் தந்துடும், எண்ணினா 8-னு வரும். நின்ன இடத்துலயே நிக்க விட்டது வேற வேற கட்டத்தை எண்ணுறப்போ பிரச்சினை இல்ல, ஆனா "ஒரு கட்டத்துக்கு எத்தனை தடவை வந்துது"ன்னு கேட்டா அது தப்பாக்கிடும், அதையும் பாத்துக்கங்க.

லெவல் 3-க்கு ஃபார்முலாவுல ஒரு சின்ன மாற்றம்தான். போகப்போற எண்ணை லெட்ல பேர் வச்சுக்கிட்டு, நூறால வகுத்து இன்ட் எடுத்தா ரோ, மாட் எடுத்தா காலம், ரெண்டையும் வரைபடத்துக்கு இன்டெக்ஸ்ல குடுத்து சுவரான்னு பாருங்க. சுவர்னா பழைய எண்ணு, இல்லன்னா புது எண்ணு. 3-வது ரோ, 6-வது காலத்துல சுவர் இருக்குன்னு வச்சா நம்ம ரோபோ வலதுபக்கம் திரும்பும்போதே மோதி 305-லயே நின்னு, மேல 205 போய், 305, 405-ன்னு இறங்கி, கடைசியில 404-ல நிக்கும். பிளாக் அதேதான், ஃபார்முலாவை மாத்தி இழுத்து விட்டா போதும்.

வரைபடத்தோட ஓரத்துக்கு ரோபோ போனா? இன்டெக்ஸ்ல ரோ நம்பர் வரைபடத்தைத் தாண்டிப் போனா எரர் வரும், அதாவது கண்ணுல படும். ஆனா ரோ நம்பர் 0 ஆயிட்டா எரர் வராது, மொத்தக் காலத்தையுமே தூக்கிக் குடுத்துடும், ஏன் ஸ்பில் ஆகுதுன்னே, அதாவது பக்கத்து செல்லுக்கெல்லாம் ஏன் வழியுதுன்னே, புரியாம முழிப்பீங்க. அதுக்கு லேசான வழி ஒண்ணு இருக்கு, வரைபடத்தைச் சுத்தி ஒரு வரி சுவர் நீங்களே அடிச்சிடுங்க, இன்டெக்ஸ்ல ரோவுக்கும் காலத்துக்கும் ஒன்னு கூட்டிக்கங்க. ஓரக் கேஸ் எல்லாம் ஒரே அடியில தீந்துடும்.

இந்தக் கேஸ்ல இன்னும் ஒரு பள்ளம். கட்டளை 7 இலக்கமா இருக்கிறவரைக்கும் சரி, 20 இலக்கம் வந்தா? எக்ஸெல் ஒரு நம்பர்ல 15 இலக்கம் வரைக்கும்தான் துல்லியமா வச்சிருக்கும், அதுக்கு மேல வர்றதையெல்லாம் பூஜ்யம் ஆக்கிடும். கட்டளை டெக்ஸ்ட்டா இருந்தாத்தான் தப்பிக்கும். வேற எங்கயாவது காப்பி பண்ணி பேஸ்ட் பண்றதுன்னா அந்தச் செல்லை முன்னாடியே டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாத்திடுங்க. அதே மாதிரி மிட் குடுக்குறது டெக்ஸ்ட் 1, நம்பர் 1 இல்ல. சூஸ் அதைக் கண்டுக்காம எடுத்துக்கும், எக்ஸ்லுக்கப் எடுத்துக்காது, "கிடைக்கல"ன்னு சொல்லிடும். முன்னாடி ரெண்டு மைனஸ் குறி போட்டா நம்பர் ஆயிடும்.

படி 6: பிராக்டிஸ்

பழைய கேஸுங்க போட்டி நடத்துறவங்க தளத்துலயே கிடைக்குது, லைவ் ஆட்டங்களோட வீடியோ யூடியூப்ல இருக்கு. வீடியோவை சும்மா பாக்காதீங்க. கேஸ் ஃபைலைத் திறந்து வச்சு, நீங்க முதல்ல 30 நிமிஷம் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் அவங்க எப்படிப் போனாங்கன்னு பாருங்க. அவங்க எந்த ஃபங்ஷன் போட்டாங்கன்னு பாக்குறதை விட, ஃபைல் திறந்ததும் முதல் ரெண்டு நிமிஷம் எந்த ஷீட்டைப் பாத்தாங்க, எதைப் படிக்காம விட்டாங்கன்னு கவனிச்சா நிறைய கிடைக்கும்.

கேஸ் தீந்துட்டா டிசம்பர்ல வர்ற அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்களை எக்ஸெல்ல போட்டுப் பாருங்க. புரோகிராமர்களுக்காகப் பண்ணினதுதான், 2015-ல இருந்து வருது, பழைய வருஷப் புதிர் எல்லாம் அப்படியே இருக்கு. முதல் சில நாள் புதிர்ங்க நம்ம கேஸ் மாதிரியேதான் இருக்கும், எழுத்தைப் பிரிக்கிறது, கட்டத்துல நடக்குறது, எண்ணுறது.

பிராக்டிஸ்ல டைமர் வைங்க, அதுவும் கண்ணு முன்னாடி. முடிஞ்சதும் அதே கேஸை டைமர் இல்லாம இன்னொருதடவை வேற வழியில போடுங்க. ரெண்டாவது தடவை போடுறதுதான் உண்மையில ஏறும், ஆனா பலபேருக்கு அதுக்குப் பொறுமை இருக்கிறதில்ல.

படி 7: மெஷினும் செட்டிங்ஸும்

பழைய வெர்ஷன் எக்ஸெல்ல மேல சொன்ன புது ஃபங்ஷன் பாதி இருக்காது, அதனால மைக்ரோசாஃப்ட் 365 அப்டேட் பண்ணி வைங்க. போட்டிக்கு முந்தின நாள் அப்டேட் பண்ணுங்க, அன்னைக்குக் காலையில பண்ணாதீங்க. மேக்ல ஆடுறவங்களுக்கு ஷார்ட்கட் எல்லாம் விண்டோஸ் மாதிரியே இருக்காது, அதனால மேக்னா மேக்லயே பழகுங்க.

லேப்டாப்ல எஃப்4 அடிச்சா ஸ்கிரீன் வெளிச்சமோ சத்தமோ மாறுதான்னு பாருங்க, மாறினா ஃபங்ஷன் லாக்கை மாத்தி வைங்க. வேற இடத்துக் கம்ப்யூட்டர்ல ஆடுறதா இருந்தா உக்காந்ததும் ரெண்டு விஷயம் பாருங்க, ஃபார்முலாவுல கமா போடணுமா செமிகோலன் போடணுமா, அப்புறம் கால்குலேஷன் ஆட்டோமேட்டிக்ல இருக்கா. நாட்டு செட்டிங் மாறினா தசமப் புள்ளியே கமா ஆயிடும், தேதியில மாசமும் நாளும் இடம் மாறும். கீபோர்டு கொண்டு வர விடுவாங்கன்னா உங்களுடையதையே கொண்டு போங்க.

படி 8: ரவுண்டு ஆரம்பிச்சாச்சு

முதல் ரெண்டு மூணு நிமிஷம் ஒண்ணும் டைப் பண்ணாதீங்க. எல்லா லெவலையும் மேலோட்டமா படிங்க, எந்த விதி எங்க சேருதுன்னு மட்டும் பாருங்க. பக்கத்துல இருக்கிறவர் கீபோர்டு சத்தம் கேக்கும், ஸ்கோர்போர்டுல யாரோ மேல ஏறுவாங்க, பாக்காதீங்க. போனஸ் கேள்வியை இந்த நேரத்துலயே ஒரு கண்ணு பாத்துக்கங்க, சிலது மாடலே இல்லாம கண்ணால எண்ணியே போட்டுடலாம். படம் சின்னதா இருந்தா விரலை வச்சு எண்ணுறது கேவலம் இல்ல, மார்க் மார்க்தான்.

அப்புறம் எடுத்துக்காட்டுக்கு மட்டும் மாடல் கட்டி, விடை ஒத்துப்போனதும் இழுத்து விடுங்க. விடை செல்லை மாடலோட லிங்க் பண்ணலாமா, மதிப்பா பேஸ்ட் பண்ணணுமான்னு ரூல்ஸ்ல பாத்து வச்சிருக்கணும். லிங்க் பண்ணிட்டு அடுத்த லெவலுக்காக அதே மாடலை மாத்தினா முன்னாடி போட்ட விடையும் சேந்து மாறிடும், இது நடக்காத ரவுண்டே கிடையாது. ஒண்ணு மதிப்பா பேஸ்ட் பண்ணுங்க, இல்லன்னா ஷீட்டைக் காப்பி எடுத்து அடுத்த லெவலை அதுல பண்ணுங்க.

எடுத்துக்காட்டுக்கு விடை ஒத்துப்போகலைன்னா ஃபார்முலாவை நோண்டாதீங்க, முதல்ல விதியைத் திரும்பப் படிங்க. "குறைந்தபட்சம்"னு இருந்ததை "அதிகமா இருந்தா"ன்னு எடுத்திருப்பீங்க, இல்ல கிளம்பின இடத்தை எண்ணணுமா வேண்டாமான்னு விட்டிருப்பீங்க. விடை சரியா ஒன்னு வித்தியாசத்துல இருந்தா பெரும்பாலும் இதுதான்.

ஒரு லெவல்ல நாலு நிமிஷம் நகராம நின்னா விட்டுடுங்க. அடுத்த லெவல் அதைச் சார்ந்திருக்கும்னு எல்லா நேரமும் இல்ல, சில கேஸ்ல நாலாவது மூணாவதை விட லேசா இருக்கும். தப்பு விடைக்கு மார்க் குறைக்கலைன்னா எந்தச் செல்லையும் காலியா விடாதீங்க, ஆமா இல்லன்னு வர்ற கேள்வின்னா கண்ணை மூடிட்டுப் போட்டாலும் பாதி வரும்.

கடைசி ரெண்டு நிமிஷத்துல புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம். விடைக் காலத்தை மேல இருந்து கீழ ஒருதடவை ஓட்டிப் பாருங்க, எரர் எங்கயாவது உக்காந்திருக்கா, எல்லா விடையும் ஒரே மாதிரி இருக்கா, டெக்ஸ்ட் கேட்ட இடத்துல நம்பர் இருக்கா. சேவ் பண்ணுங்க, அனுப்புற பட்டன் தனியா இருந்தா மறக்காம அமுக்குங்க.

முடிஞ்சதுக்கப்புறம்

அன்னைக்கே ஃபைலைத் திரும்பத் திறந்து, மார்க் போன இடத்தை ரெண்டா பிரிங்க. விதி புரியாம போனது ஒருபக்கம், புரிஞ்சும் ஃபார்முலா வராம போனது இன்னொருபக்கம். முதல் பக்கம் பெருசா இருந்தா ஃபங்ஷன் கத்துக்குறதை நிறுத்திட்டு கேஸ் படிக்கிறதைப் பழகுங்க, கட்டவே வேண்டாம், பத்து கேஸைப் படிச்சு "இதை எப்படி அமைப்பேன்"னு காகிதத்துல மட்டும் எழுதிப் பாருங்க. ரெண்டாவது பக்கம் பெருசுன்னா எந்த ஃபார்முலா வரலையோ அதைத் தனி ஃபைல்ல சின்ன எடுத்துக்காட்டோட எழுதி வைங்க. ரூல்ஸ் அனுமதிச்சா அடுத்த ரவுண்டுக்கு அந்த ஃபைலைப் பக்கத்துலயே திறந்து வச்சுக்கலாம், அனுமதிக்கலைன்னா அதுக்குள்ள அது மனசுல ஏறியிருக்கும்.